கர்சனின் பட்டங்கள் எல்லாம் மறைந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைஸ்ராய் கர்சனைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். வங்கப் பிரிவினையை விளக்கும் பகுதி நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால், மூன்றும் பெண்ணாகப் பிறந்ததால் 1925இல் அவர் இறந்ததும் பட்டங்கள் அனைத்தும் மறைந்தன என்று கட்டுரையை முடித்திருப்பது சரியன்று. சில பட்டங்கள் மறைந்தன என்பது உண்மை. ஒன்று தம்பி மகனுக்குப் போயிற்று. ஒன்று மூத்த மகளுக்கே வந்தது.

பிரிட்டிஷ் பிரபுப் பட்டம், நம் வீட்டு நிலபுலன்போல வாரிசுகளுக்குள் பங்கிடப்படுவதில்லை. பட்டத்தை வழங்கும்போது அரசர் வெளியிடும் பட்டயத்தில் அடுத்து அது யாருக்குப் போகும் என்று எழுதப்பட்டிருக்கும். பிற்காலத்தில் அந்த வாசகமே செல்லும், இறந்தவரின் உயிலோ குடும்பத்தாரின் விருப்பமோ செல்லாது. பெரும்பாலான பட்டயங்கள் முறைப்படி பிறந்த மகன்களையும் அவர்களுடைய ஆண்வழியையும் மட்டுமே குறிப்பிடுகின்றன. வேறு வரிசை வேண்டுமென்றால், வழங்கும்போதே அதற்கெனத் தனி வாசகம் சேர்த்தாக வேண்டும்.

1911இல் கர்சன், மனைவியை இழந்து மூன்று மகள்களோடு இருந்தவர். அந்த ஆண்டில் அவருக்கு ஒருசேர மூன்று பட்டங்கள் கிடைத்தன. மூன்றுக்கும் வாரிசு வரிசை வெவ்வேறு. (மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்பவை மேலிருந்து கீழாகப் பிரபுப் பட்டத்தின் படிநிலைகள்.) கெடில்ஸ்டன் கர்சன் என்ற ஏர்ல் பட்டம் வழக்கப்படி மகனுக்கு மட்டும் உரியது. ஸ்கார்ஸ்டேல் என்ற வைகவுண்ட் பட்டம், மகன் இல்லாவிட்டால் அவருடைய தந்தையின் ஆண்வழிக்குச் செல்லும். ரேவன்ஸ்டேல் என்ற பாரன் பட்டமோ, மகன் இல்லாத நிலையில், மகள்களுக்கு மூப்பு வரிசைப்படியும் ஒவ்வொருவரின் ஆண்வழிக்கும் செல்லும். (‘பேரன்’ என்று எழுதினால் மகன் வயிற்றுப் பேரனோ என்று வாசகர் மயங்குவார் என்பதால் ‘பாரன்’ என்கிறேன்.) பின்னர் 1917இல் அவர் மறுமணம் செய்தும் குழந்தை பிறக்கவில்லை. ஆகவே 1925இல் ஏர்ல் பட்டமும், 1921இல் பெற்ற மார்க்வெஸ் பட்டமும், இந்தியாவுக்கு வருமுன் 1898இல் பெற்ற அயர்லாந்துப் பட்டமும் அவரோடு முடிந்தன. ஸ்கார்ஸ்டேல் தம்பி மகன் ரிச்சர்டுக்குப் போக, மூத்த மகள் ஐரீன் ரேவன்ஸ்டேல் பெருமாட்டியானார்.

பட்டம் வந்ததே தவிர, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அவருக்கு இடம் வரவில்லை. பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்களுக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அங்கே இருக்கை கிடையாது. ஐரீன் அதற்கு முன்பே, 1958இல், ஆயுட்காலப் பட்டம் பெற்ற முதல் நான்கு பெண்களில் ஒருவராக உள்ளே நுழைந்தார். 1966இல் அவர் இறந்தபோது ஆயுட்காலப் பட்டம் அவரோடு போயிற்று. பரம்பரைப் பட்டம் நிலைத்தது. ஆனால் சிம்லாவை அடுத்த நால்தேராவின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய கடைசித் தங்கை அலெக்சாண்ட்ரா உயிரோடு இருந்தும் அவருக்கு வரவில்லை. நடுத் தங்கை சிந்தியா 1933லேயே இறந்துவிட்டபோதிலும், மூப்பில் அவருடைய வழியே முந்தியது என்பதால், அவர் மகன் நிக்கோலஸ் மோஸ்லி மூன்றாவது ரேவன்ஸ்டேல் பிரபு ஆனார்.

கர்சனுக்கு மட்டும் செய்த சலுகை என்றும் இதைக் கொள்ள வேண்டாம். இரண்டு மகள்களே இருந்த மவுண்ட்பேட்டனுக்கு 1947இல் வழங்கிய ஏர்ல் பட்டத்திலும் இவ்வகை வாசகம் இருந்தது. 1979இல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்ரீசியாவுக்கும், 2017இல் அவர் மறைந்தபின் அவருடைய மகன் நார்ட்டனுக்கும் அது சென்றது. மகளுக்குக் கதவைத் திறந்த அதே பட்டயம் அவருக்கு அடுத்த தலைமுறையில் மீண்டும் ஆண்வழிக்கே திரும்பிவிடுவதை இங்கும் காணலாம். அரியணை வாரிசுரிமையில் மகனுக்கு இருந்த முந்துரிமையை நீக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுப் பட்டங்களைத் தொடவில்லை.

எல்லாம் மறைந்தன என்பது ஓரளவு பொருந்தும் ஆளைக் கட்டுரையாளர் தேடினால் டல்ஹவுசியைச் சொல்லலாம். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து, அப்பட்டம் முடிந்துபோனதாக ஆங்கில ஆட்சி கொண்டபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அவர். 1860இல் அவரே இரண்டு மகள்களை மட்டும் விட்டுச் செல்ல, அவருடைய மார்க்வெஸ் பட்டம் மறைந்தது. அவருக்கும்கூடப் பூர்விக ஏர்ல் பட்டம் உறவினர் ஒருவருக்குப் போனது.

கட்டுரையோடு அச்சிட்ட வம்சாவளிப் படத்தில் கர்சனின் பெயருக்குக் கீழே கோடு நின்றுவிடுகிறது. அதை ஐரீன்வரை இறக்கி, அங்கிருந்து சிந்தியாவின் மகனுக்கு நீட்டித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்