ரயில்வே கேட்டோடு நின்றுவிடும் சிலிண்டர் வண்டி: எரிவாயு நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ரயில்வே கேட்டுக்கு மேற்கே, திண்டுக்கல் மாவட்டம்.
(பெயர், முகவரி, நுகர்வோர் எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
மண்டல மேலாளர் அவர்கள்,
சமையல் எரிவாயு விற்பனைப் பிரிவு.

நாள்: 14.07.2025

பொருள்: வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவராதது, பில்லுக்கு மேல் பணம் வாங்குவது, எடைக் குறைவு, கசிவுப் புகாருக்கு ஆள் வராதது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 1996 முதல் நான் தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர். அப்போது எங்கள் ஊரில் ஏஜென்சி கிடையாது. திண்டுக்கல்லில் பதிவு செய்து, காலி சிலிண்டரைப் பஸ்சில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் லாரிக்காரர்களிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பி வாங்கினோம். உள்ளூரில் ஏஜென்சி வந்தபோது எங்களைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் இருக்க முடியாது. அந்த ஏஜென்சியைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுடையது பேரூராட்சி. ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, பேங்க் எல்லாம். மேற்கே நாங்கள்: மூன்று தெரு, ஒரு காலனி, அதற்கப்பால் முருங்கைத் தோட்டங்களும் தோட்டத்து வீடுகளும். ஏஜென்சி குடோனிலிருந்து என் வீட்டுக்குச் சரியாக மூன்று கிலோமீட்டர். தார் ரோடு இருக்கிறது. பேரூராட்சியின் குப்பை வண்டி தினமும் காலையில் வருகிறது. மினி பஸ் நாளுக்கு நான்கு தடவை வந்து போகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றும் வண்டிகள் ராத்திரி இரண்டு மணிக்கும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. தங்கள் ஏஜென்சியின் குட்டியானை வண்டி மட்டும் கேட்டைத் தாண்டுவதில்லை. கேட்டுக்குக் கிழக்கே இருக்கும் டீக்கடை முன்னால் சிலிண்டர்களை இறக்கி வைத்துவிட்டு, போன் போட்டு, "வந்து எடுத்துக்கோங்க" என்கிறார்கள்.

எடுத்துக்கொள்வது என்றால் என்னவென்று தங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அப்பத்தா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தனியாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். ஏப்ரல் மாத வெயிலில், பகல் பன்னிரண்டரை மணிக்கு, அவர் தன் சிலிண்டரைச் சாய்த்து அடி விளிம்பிலேயே உருட்டிக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மேல் வளையம் சுட்டது என்று சும்மாட்டுத் துணியைச் சுற்றிப் பிடித்திருந்தார். பத்தடி உருட்டுவார், நிற்பார், மூச்சு வாங்குவார். தண்டவாளத்தைத் தாண்டும்போது கேட் கீப்பர் ஓடிவந்து தூக்கிக் கொடுத்தார். நிறைந்த சிலிண்டர் என்பது ஏறக்குறைய 30 கிலோ. அதை ஒரு கிழவி தண்டவாளத்தில் உருட்டுகிறார் என்றால் என்ன ஆபத்து என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று அவர் பில் தொகைக்கு மேல் 60 ரூபாயும் கொடுத்திருக்கிறார், "டெலிவரி சார்ஜ்" என்று.

வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கான கூலி சிலிண்டர் விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. பில்லில் போட்ட தொகைக்கு மேல் ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்று தங்கள் நிறுவனமே சொல்கிறது. வாடிக்கையாளர் தானே குடோனுக்குப் போய் எடுத்துக்கொண்டால் அந்தக் கூலியைக் கழித்துத்தான் பில் போட வேண்டும். எங்களுக்கு நடப்பதோ இரண்டுக்கும் கேடு: கூலி விலையில் இருக்கிறது, அதற்கு மேல் 60 ரூபாய், சுமப்பதும் நாங்களே. டிவிஎஸ் எக்ஸ்எல் இல்லாத வீட்டுக்காரர்கள் ஆட்டோவுக்கு இன்னொரு 80 ரூபாய் கொடுக்கிறார்கள். கடந்த ஏப்ரல் 8ஆம் தேதி முதல் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றியபோது நாடு முழுக்கப் பேசினார்கள். எங்கள் தெருவில் சிலிண்டருக்குச் சிலிண்டர் அதைவிட அதிகமாக ஏறிக்கொண்டிருக்கிறது, அது எந்தப் பேப்பரிலும் வராது.

சிலிண்டர் போடும் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். "மாசச் சம்பளம் கிடையாதும்மா. இந்த அறுபதுதான் எங்க கூலின்னு ஓனரே சொல்லிட்டாரு. கேட்டைத் தாண்டி வந்தா டீசலும் எங்க கைக்காசு" என்றார். இது உண்மையானால், விலையில் சேர்த்து எங்களிடம் வாங்கும் கூலி யாரிடம் போகிறது? தயவுசெய்து இதை விசாரியுங்கள். அந்தத் தம்பியின் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

அடுத்தது ஓடிபி விஷயம். ஜூன் 19ஆம் தேதி காலை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "வண்டி கிளம்பிடுச்சு, உங்களுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஐந்து நிமிடத்தில், சிலிண்டர் டெலிவரி ஆகிவிட்டதாக மெசேஜ் வந்தது. வாசலில் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. போன் போட்டால், சாயந்திரம் வரும் என்றார்கள். அப்புறம் நாளைக்கு என்றார்கள். சிலிண்டர் டீக்கடைக்கு வந்தது ஜூன் 23. அந்த நான்கு நாளும் தங்கள் கணக்கில் என் வீட்டில் நிறைந்த சிலிண்டர் இருந்தது. என் வீட்டிலோ மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை சிலிண்டரைக் கையில் வாங்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரு முழுவதும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் முன்கூட்டி எண்ணைச் சொல்லாதவர்களுக்கு "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள்.

அந்த ஜூன் 23 சிலிண்டரைத்தான் எடை போட்டேன். நான் முப்பது வருடம் சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவள். அரிசி மூட்டையையும் பருப்பையும் எடை பார்க்காமல் இறக்க விட்டதில்லை. அரைக் கிலோ குறைந்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குவேன், ஏனென்றால் குறைவது என் வீட்டு அரிசி அல்ல, பிள்ளைகளின் சோறு. அந்தப் பழக்கம்தான். தூக்கும்போதே கைக்கு லேசாகத் தெரிந்தது. டெலிவரி தம்பியிடம் தராசு கேட்டேன். வண்டியில் தராசு வைத்திருக்க வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. "தராசா? அது ஆபீஸ்ல இருக்கும்மா" என்றார். சரி என்று சொல்லி, பக்கத்து முருங்கை மண்டியின் எலக்ட்ரானிக் தராசில், சீலைப் பிரிக்காமல் ஏற்றி வைத்தோம். சிலிண்டர் வளையத்தில் அடித்திருந்த வெற்று எடை 15.9 கிலோ. உள்ளே இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. கூட்டினால் 30.1 வர வேண்டும். தராசு காட்டியது 28.6. மண்டிக்காரர் தராசை ஜீரோ செய்துவிட்டு மறுபடி ஏற்றினார். அதே 28.6. ஒன்றரைக் கிலோ கேஸ் இல்லை. கிலோ 60 ரூபாய்க்கு மேல் கணக்குப் போட்டால் 90 ரூபாய்க்குக் குறையாது. போட்டோ, சிலிண்டரின் வரிசை எண், அன்றைய பில் நகல் மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஏஜென்சியில் சிலிண்டரை மாற்றித் தரவில்லை. "சீல் இருக்குல்ல, பிளான்ட்டுல கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கேஸ் நிரப்பும் அந்த பிளான்ட் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்பது? என்னிடம் பணம் வாங்கியது ஏஜென்சி.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன். எழுதியே தீருவது என்று முடிவு செய்தது மே மாதம் நடந்த கசிவினால்தான். அடுத்த தெருவில் கைக்குழந்தை உள்ள வீடு. ராத்திரி ஒன்பது மணிக்குப் புது சிலிண்டரை மாட்டினார்கள். ரெகுலேட்டரைத் திருகியதும் சீறல் சத்தம், வீடு முழுக்க நாற்றம். அந்தப் பெண் சமயோசிதமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சத்தம் போட்டார். நான் போய் லைட் ஸ்விட்சை யாரும் தொடக்கூடாது என்று தடுத்து, கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரிலேயே நூலில் தொங்குமே, அந்த வெள்ளை மூடி, அதை அழுத்தி மாட்டினேன். சத்தம் நின்றது. சத்துணவு மையத்துக்கு கேஸ் அடுப்பு கொடுத்தபோது சொல்லிக்கொடுத்தது அன்றைக்குக் கை கொடுத்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் என்பதால் முறத்தால் வாசல் பக்கம் விசிறித் தள்ளினோம். டார்ச்சைக்கூட தெருவிலேயே போட்டு எடுத்துவந்து பார்த்தபோது, வால்வுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் பாதி பிய்ந்து கிடந்தது.

ஏஜென்சியின் பில்லில் மூன்று நம்பர் இருக்கிறது. மூன்றுக்கும் அடித்தோம், ஒன்றும் எடுக்கப்படவில்லை. கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு அடித்ததும் எடுத்தார்கள், நிதானமாக விவரம் கேட்டார்கள், ஏஜென்சி மெக்கானிக்கை உடனே அனுப்பச் சொல்வதாகச் சொன்னார்கள். மெக்கானிக் வந்தது மறுநாள் காலை பத்தரை மணிக்கு. அவரும் டீக்கடையிலிருந்துதான் போன் செய்தார், சிலிண்டரை அங்கே கொண்டுவர முடியுமா என்று. கசிகிற சிலிண்டரை! சிலிண்டரைக் கொடுக்கும்போதே வாசலில் வைத்து வாஷரைப் பார்த்து, கசிவு இல்லை என்று காட்டிவிட்டுப் போவது டெலிவரி செய்பவரின் வேலை. டீக்கடை முன்னால் இருபது சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் போகிறவர் எதைப் பார்ப்பார்?

வாசல்வரை வராததால் இன்னொன்றும் நடக்கிறது. காலனியில் உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கிய பெண்கள் பலர் இருக்கிறார்கள். கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பை இன்னும் துடைத்து வைத்துப் புழங்குகிறவர்களும் உண்டு. நான்கைந்து வீடுகளில் இப்போது சிலிண்டரை விருந்தாளி வந்தால் டீ போடுவதற்கென்று வைத்துவிட்டு, அன்றாடச் சோற்றுக்கு மறுபடி வேலிக்கருவை விறகுக்குத் திரும்பிவிட்டார்கள். மானியம் பேங்க் கணக்குக்கு வருகிறது, அந்த மானியத்தில் பாதி ஆட்டோவுக்கும் டீக்கடை வாசலுக்கும் போகிறது என்று ஒருத்தி கணக்குச் சொன்னாள். நான் விறகடுப்பில் நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கவைத்துக் கண்ணெரிந்தவள். அந்தப் புகைக்கு அவர்கள் திரும்புவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

ஏஜென்சி மேலாளரிடம் நேரில் மூன்று முறை சொல்லிவிட்டேன். "கேட்டுக்கு மேற்கே ரூட் கிடையாது" என்பது ஒரே பதில். இணைப்புக் கொடுக்கும்போது எங்கள் முகவரிக்குத்தானே கொடுத்தீர்கள்? தங்கள் இலவச எண்ணில் ஜூன் 24 அன்று புகார் பதிந்தேன். இரண்டு நாளில் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். யாரும் வரவில்லை, யாரும் பேசவில்லை. பிடிக்காவிட்டால் வேறு ஏஜென்சிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற வசதி நகரத்தில் இருப்பவர்களுக்குச் சரி; எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஏஜென்சி.

நான் கேட்பது இவ்வளவுதான். கேட்டுக்கு மேற்கே வாரத்தில் இரண்டு நாளாவது வண்டி வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிலிண்டரை இறக்க வேண்டும். எந்தக் கிழமை என்று ஏஜென்சி வாசலில் எழுதி ஒட்டட்டும். வண்டியில் தராசு இருக்க வேண்டும், வாஷரைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், எண்ணை வாசலில் மட்டுமே கேட்க வேண்டும். பில்லுக்கு மேல் வாங்குவது உடனே நிற்க வேண்டும். எனக்குக் குறைந்த ஒன்றரைக் கிலோவுக்குப் பதில் சொல்ல வேண்டும். தங்கள் விற்பனை அதிகாரி ஒருவர், ஏஜென்சிக்குச் சொல்லாமல், டெலிவரி நாளில் காலை பத்து மணிக்கு அந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் போதும், நான் எழுதியது அத்தனையும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இக்கடிதத்தின் நகலை மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் இதை நேரில் கொடுப்பேன். அங்கேயும் பதில் இல்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எங்கள் பகுதியைச் சேர்ந்த 41 குடும்பங்கள் கையெழுத்திட்ட தாள் இதனுடன் இருக்கிறது. அப்பத்தா கைநாட்டு வைத்திருக்கிறார்.

என்னிடம் இப்போதுள்ள சிலிண்டர் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தீரும். புக் செய்ததும் தேதியைத் தங்களுக்குத் தெரிவிக்கிறேன். மண்டியிலிருந்து தராசை வாங்கிவந்து திண்ணையில் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், எடை போட்ட போட்டோக்கள், டெலிவரி மெசேஜ், புகார் முடித்த மெசேஜ், 41 குடும்பங்களின் கையெழுத்து.