வாங்கினால் நன்கொடை: எவ்வளவு, யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருள் வாங்கினால் விலையில் ‘ஒரு பகுதி’ அறப்பணிக்குச் செல்லும் என்னும் விளம்பரங்கள் பெருகிவருகின்றன. அந்தச் சொல்லுக்குள் அரை சதவீதமும் அடங்கும், ஐம்பது சதவீதமும் அடங்கும் என்பதுதான் சிக்கல்.

அமேசான் நிறுவனம் 2013இல் தொடங்கி 2023 பிப்ரவரியில் நிறுத்திய ‘அமேசான் ஸ்மைல்’ திட்டத்தில், தகுதியுள்ள பொருள்களின் விலையில் 0.5 சதவீதம், வாங்குபவர் தேர்ந்தெடுத்த தொண்டு அமைப்புக்கு வழங்கப்பட்டது. அதாவது, ஓர் அமைப்புக்கு 100 டாலர் சேர வேண்டுமானால் அதன் ஆதரவாளர்கள் 20,000 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்க வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் தகுதி பெற்றிருந்ததால் உதவி மிகவும் சிதறிப்போனது என்று நிறுத்தும்போது அந்நிறுவனமே கூறியது. ஓர் அமைப்புக்குக் கிடைத்த சராசரி நன்கொடை 230 டாலருக்கும் குறைவு. கையை விட்டு ஒரு காசும் செலவழிக்காமல் வந்த தொகை என்பதால், அது நின்றபோது வருந்திய சிறு அமைப்புகளும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இம்முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1983இல் கடன் அட்டை நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நடத்திய இயக்கம். அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சென்ட், ஒவ்வொரு புதிய அட்டைக்கும் ஒரு டாலர் என்ற கணக்கில், சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்கு 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அட்டைப் பயன்பாடும் கால் பங்குக்கு மேல் கூடியது. இதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் வியாபாரத்தைப் பெருக்கச் செய்த செலவைக் கொடை என்று மட்டும் அழைப்பது எப்படிப் பொருந்தும்?

பில் தொகையை முழு எண்ணாக்கி மீதிச் சில்லறையை நன்கொடையாகக் கேட்பது இன்னொரு வகை. அங்கே பணம் முழுவதும் வாடிக்கையாளருடையது. பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்தில் நிற்பவர் மட்டும் வேறொருவர். சில திட்டங்களில் உச்சவரம்பும் உண்டு. வரம்பை எட்டியபின் வாங்குவோரின் பணத்திலிருந்து எதுவும் போவதில்லை என்றாலும், பொட்டலத்தின் மேலுள்ள வாசகம் அப்படியே இருக்கும்.

எனக்குப் பெரிதாகப் படும் இழப்பு வேறு. நேரடியாகக் கொடுப்பவரின் பெயர் அமைப்பிடம் இருக்கும். அடுத்த ஆண்டு அவருக்குக் கடிதம் எழுதலாம், பணம் எப்படிச் செலவானது என்று சொல்லலாம். கடை வழியாக வரும் பணத்தோடு பெரும்பாலும் பெயர் வருவதில்லை. வாங்கியவரோ, தம் கடமை முடிந்தது என்ற நிறைவோடு வீடு திரும்பிவிடுகிறார்.

ஒரு பொருளுக்கு எவ்வளவு, எந்த அமைப்புக்கு, எந்த வரம்பு வரை, எந்த நாள் வரை என்பவற்றைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும். அவை அச்சிடப்படாத பொருளை நான் விலையையும் தரத்தையும் மட்டும் பார்த்தே வாங்குகிறேன். கொடுக்க நினைப்பதை அமைப்பின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்