அந்த 5 ராண்டை வாங்குவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள கண்ணம்மா,

கோளாறான காசுகள் என்று நீ அனுப்பிய மூன்று தென்னாப்பிரிக்கக் காசுகளின் படங்களையும் பார்த்தேன். அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "சில்லறையில் வந்த ரெண்டும் சரி, மூணாவதைக் காசு கொடுத்தா வாங்கப் போறா?" என்கிறாள். எனக்கும் அதே கேள்விதான்.

தகட்டை மெஷினில் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் காலம் தள்ளியவன் நான். கோளாறான காசைக் கண்டால், இது மெஷினுக்குள் எப்படி நடந்திருக்கும் என்றுதான் முதலில் யோசிப்பேன். எழுத்தில்லாத உலோக வில்லை காலர் என்ற வளையத்துக்குள் உட்காரும், மேலும் கீழும் அச்சு, ஓர் அழுத்து, காசு வெளியே. பிழை வந்தால் வில்லையில் வரவேண்டும், அச்சில் வரவேண்டும், இல்லை அந்த அழுத்தில் வரவேண்டும். மற்றதெல்லாம் அப்புறம் பட்ட அடி.

50 சென்டில் ஸ்ட்ரெலிட்சியா பூவை ஒட்டி ஒரு கோடு ஓடுகிறதே, அதை நகத்தால் தடவிப் பார். மேடாக இருந்தால் அச்சில் விரிசல் விட்டு, உலோகம் அதற்குள் ஏறியிருக்கிறது. பள்ளமாக இருந்து ஓரத்தில் உலோகம் பிதுங்கி நின்றால் கீறல். அச்சுக்கும் வில்லைக்கும் நடுவில் நூல் சிக்கினாலும் பள்ளம் விழும்தான், ஆனால் ஓரம் பிதுங்காது.

ஓரம் கடிபட்ட 2 ராண்டு எனக்குப் பிடித்திருக்கிறது. தகட்டில் ஏற்கனவே வெட்டிய ஓட்டையின் மேல் பஞ்ச், அதாவது வில்லை வெட்டும் கருவி, ஏறி விழுந்தால் வில்லை இப்படிப் பிறையாகக் குறைந்து வரும். அதன் விளிம்பை உருட்டி உயர்த்தும்போது குறைந்த பக்கத்தில் பிடிமானம் இருக்காது. அதனால் நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் பெரும்பாலும் மங்கலாகத்தான் எழும்பும். யாரோ அரத்தால் ராவிய காசில் எதிர்ப்பக்கம் முழுசாக நிற்கும்.

இப்போது விலை சொல்லியிருக்கிறார்களே, அந்த 2008 மண்டேலா 5 ராண்டு. முகத்தின் மேல் இன்னொரு காசின் எழுத்து இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. மெஷினிலும் இப்படி நடப்பதுண்டு. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் படத்தை இடவலம் மாறிய குழியாக இறக்கும். ஆனால் அச்சை அந்தக் காசு மறைத்துவிடுவதால் அதே இடத்தில் புதுக் காசின் சொந்தப் படம் விழாது. உன் படத்தில் மண்டேலா அப்படியே இருக்கிறார், மூக்கு மட்டும் சப்பை. முழுசாக அடித்து வெளியே வந்த காசின் மேல் இன்னொன்றை வைத்து வைஸ் என்ற பிடிகருவியில் நெரித்திருக்கிறார்கள். பின்பக்கப் படத்தைக் கேள், அங்கேயும் நசுங்கியிருக்கும். அவருடைய 90ஆவது பிறந்தநாள் காசு என்பதற்காகவும் கூடுதலாகக் கொடுக்காதே. லட்சக்கணக்கில் அடித்த காசு, கைமாறித் தேய்ந்ததற்கு மதிப்பு 5 ராண்டுதான்.

அண்ணன் சொன்ன, டிரான்ஸ்வால் அதிபர் க்ரூகரின் படம் போட்ட 1892 காசு இந்தக் கணக்கில் சேராது. பெர்லினில் அச்சு செய்தவர்கள் அதில் இருக்கும் போயர் வண்டிக்கு, அதாவது டச்சு வழிக் குடியேறிகளின் மாட்டு வண்டிக்கு, ஒற்றை ஏர்க்காலுக்குப் பதில் இரண்டு வைத்துவிட்டார்கள். படமே தப்பு, அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அப்படியே இருக்கும்.

2 ராண்டைச் செலவழித்துவிடாதே. புரட்டாசிக்கு வரும்போது கொண்டுவா, என் பூதக்கண்ணாடியில் அந்த எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா