மயிலாடுதுறை பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி

கும்பகோணத்தில் ஏறியபோதே நல்ல கூட்டம். வெற்றிலைக் கூடையுடன் அமர்ந்திருந்த பாட்டியைப் பார்த்து என் நான்கு வயது மகள், "ஏய், தள்ளு!" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நான் அதட்டுவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள், அண்ணா. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து, "வாருங்கள் அம்மா, எந்த ஊருக்கு?" என்று அவளிடமே கேட்டீர்கள். அவள் வயதுக்கு டிக்கெட்டே கிடையாது! பிறகு பாட்டியிடம், "ஆத்தா, இவர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறீர்களா?" என்றீர்கள். பாட்டி கூடையை மடியில் ஏற்றிக்கொண்டார். ஆடுதுறை வரை உங்களையே பார்த்துக்கொண்டு வந்தவள், குத்தாலத்தில் பாட்டி இறங்கும்போது, "போய் வாருங்கள் பாட்டி" என்றாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

உங்கள் பெயரைக் கேட்க நெரிசல் விடவில்லை. இந்தத் தடத்தில் போகிறவர்கள் யாராவது அவரிடம் இதைக் காட்டுங்கள். எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட இப்போது "வாருங்கள், உட்காருங்கள்"தான். மிக்க நன்றி, அண்ணா.