றிம்ஃபயர் துவக்கு வாங்க முன்: முயலுக்கும் இலக்குக்கும் எது பொருந்தும்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

றிம்ஃபயர், அதாவது ரவையின் பித்தளைக் கோதின் விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் சிறு துவக்கு, வாங்கக் கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் துவக்கு நல்லாச் சுடும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு மூன்று விபரம் தேவை. எத்தனை மீற்றரில் சுடப் போகிறீர்கள்? சன்னம் போய் விழும் பக்கத்தில் என்ன இருக்கிறது? சுட்ட முயலைச் சட்டியில் போடும் எண்ணம் உண்டா? இவற்றை யோசிக்காமல் வாங்கிய துவக்கு எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் பெட்டகத்துக்குள் தூங்கத்தான் போகிறது.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் முயலும் நரியும் பீடை விலங்குகளாக அறிவிக்கப்பட்டவை. 1859இல் தோமஸ் ஒஸ்ரின் என்ற பண்ணையார் விஞ்செல்சீக்குப் பக்கத்துப் பார்வன் பார்க்கில் வேட்டைக்கென்று திறந்துவிட்ட சில முயல்களின் வினை இன்னும் தீர்ந்தபாடில்லை. தனியார் காணியில் சுட உரிமையாளரின் அனுமதி வேண்டும். 'ஏ' பிரிவு உரிமத்தில், போல்ற் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்து ரவை ஏற்றிச் சுடும் றிம்ஃபயர் வாங்கலாம். தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் ரூகர் 10/22 போன்றவை அந்தப் பிரிவுக்குள் வராது. ஆகவே இணையத்தில் அமெரிக்கர்கள் அதைப் புகழ்வதைப் பார்த்துவிட்டு வந்து கேட்க வேண்டாம். ஒவ்வொரு துவக்குக்கும் தனித்தனியாக வாங்கும் அனுமதி எடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை துவக்கு எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கும்.

இனி கலிபர், அதாவது குழலின் அளவையும் ரவையின் வகையையும் சொல்லும் பெயர். .22 எல்ஆர் (லோங் றைபிள்) 1887இலிருந்து இருக்கிறது. வழமையான சன்னம், அதாவது ரவையிலிருந்து பாய்ந்து போகும் பகுதி, 40 கிரெய்ன் (சன்னத்தின் எடையைச் சொல்லும் சிறு அலகு) ஈயம். பெட்டியில் 'சப்சொனிக்' (ஒலியை விட மெதுவானது), 'ஸ்ராண்டர்ட்' என்று போட்டிருப்பவை வினாடிக்கு 1050 முதல் 1080 அடி வரையிலும், 'ஹை வெலொசிற்றி' என்பவை 1250 அடி அளவிலும் புறப்படும். வேகம் கூடினால் நேராகப் போகும் என்பது பலருடைய எண்ணம். .22இல் நடப்பது வேறு. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1125 அடி. 1250இல் கிளம்பும் சன்னம் முயல் நிற்கும் தூரத்துக்குள்ளேயே அந்த வேகத்தைக் கடந்து கீழிறங்குகிறது. இறங்கும்போது ஒரு தள்ளாட்டம் வரும், குறூப் (சுட்ட சன்னங்கள் இலக்கில் விழும் கூட்டம்) விரியும். காற்றிலும் இதே கதைதான். பக்கவாட்டில் 15 கிலோமீற்றர் காற்று அடித்தால், 100 மீற்றரில் சப்சொனிக் சன்னம் 9 சென்ரிமீற்றர் அளவில் விலகும். வேகமானது 15 சென்ரிமீற்றர் விலகும். போட்டிக்குச் சுடுபவர்கள் மெதுவான ரவையைத் தேடி வாங்குவது இதனால்தான்.

சப்சொனிக்கில் இருக்கும் குறை, சன்னம் தாழ்வது. 50 மீற்றரில் குறியும் அடியும் ஒன்றாக விழும்படி சரிபார்த்த துவக்கு 25இல் ஒரு சென்ரிமீற்றர் மேலே அடிக்கும். 75இல் 8 சென்ரிமீற்றர் கீழே போகும், 100இல் 20 சென்ரிமீற்றரையும் தாண்டும். முயலின் தலையில் உயிர் போகும் இடம் 4 சென்ரிமீற்றர்தான். 60 மீற்றரை 75 என்று கண் மதிப்பில் பிழைவிட்டால் ஒன்றில் தவறும், அல்லது காயத்தோடு பொந்துக்குள் ஓடும். இரண்டாவதுதான் மோசம். ஆகவே .22க்கு 70 மீற்றரோடு கோடு கீறிக்கொள்ளுங்கள்.

அடுத்த கலிபரான .17 எச்எம்ஆர் 2002இல் வந்தது. 17 கிரெய்ன் சன்னம், வினாடிக்கு 2550 அடி. 100 மீற்றருக்குச் சரிபார்த்தால் 50இல் ஒரு சென்ரிமீற்றர் மேலே, 150இல் 9 சென்ரிமீற்றர் அளவில் கீழே. அதனால் தூரத்தைக் கொஞ்சம் பிழையாகக் கணித்தாலும் மன்னிக்கும். காற்று மன்னிக்காது: மேலே சொன்ன அதே 15 கிலோமீற்றர் காற்றில் 100 மீற்றரில் இதுவும் 9 சென்ரிமீற்றர் விலகும். இன்னொன்று, அந்தச் சிறிய சன்னம் பட்ட இடத்தில் நொறுங்கிச் சிதறும். கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டு எகிறிப் போகும் வாய்ப்பு .22ஐ விடக் குறைவு, அது நல்லது. ஆனால் முயலின் உடம்பில் பட்டால் கறிக்கு மிஞ்சுவது பின்னங்கால் இரண்டும்தான். கறிக்கென்றால் .22 சப்சொனிக், குழிமுனைச் சன்னம், தலைக்குறி. எதனால் சுட்டாலும் காயத்தைச் சுற்றிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத்துகள் கண்ணுக்குத் தெரியாது.

.22 மக்னம், அதாவது டபிள்யூஎம்ஆர், 1959இன் பிறப்பு. நரிக்கு இந்த மூன்றிலும் தோதானது இதுதான், அதுவும் 100 மீற்றருக்குள். இலக்குச் சூட்டுக்கு நாங்கள் இதைச் சொல்வதில்லை. போட்டித் தர ரவை இதற்குக் கிடைக்காது. .22 எல்ஆரும் மக்னமும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. மக்னம் அறைக்குள் எல்ஆர் ரவை தளர்வாகப் போய் உட்காரும், சுட்டால் கோது வெடிக்கும், வாயு முகத்துக்கு வரும். இரண்டும் வீட்டில் இருந்தால் ரவைப் பெட்டிகளைப் பிரித்தே வையுங்கள்.

ஒரே துவக்கால் சூட்டுக் கழகத்திலும் சுட வேண்டும், பண்ணைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பதில் .22 எல்ஆர். யோசிக்கத் தேவையில்லை. .17இல் சுடும் ஒவ்வொரு ரவையும் பல மடங்கு செலவு. செலவு கூடினால் பழக்கம் குறையும்.

துவக்கு என்று பார்த்தால், நடுத்தர விலையில் செக் நாட்டின் சிஇஸெட் 457, பின்லாந்தின் ரிக்கா ரி1எக்ஸ், நியூ சவுத் வேல்ஸில் செய்த லித்கோ எல்ஏ101 ஆகிய மூன்றும் நம்பி வாங்கக்கூடியவை. 457இல் குழலை இரண்டு சிறிய திருகாணிகள்தான் பிடித்திருக்கின்றன. குழலையும் மகசினையும் (ரவை அடுக்கும் கூட்டையும்) மாற்றி .22ஐ .17 ஆக்கலாம். செய்ய முன் எங்களிடம் கேளுங்கள், கலிபர் மாறினால் பதிவும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ரிக்காவின் போல்ற் வழுக்கிக்கொண்டு ஓடும்; மகசின் 10 ரவை கொள்ளும். இடக்கைக்காரர்களுக்கு லித்கோவில் இடப்பக்கப் போல்ற் உண்டு. ஜேர்மனியின் உல்ம் நகரத்து அன்சுற்ஸ் இவற்றுக்கு மேலே ஒரு படி. ஆனால் அந்தப் படியின் விலைக்கு ஒரு 457, நல்ல ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), ஒரு வருடத்து ரவை மூன்றையும் வாங்கலாம். போட்டியில் புள்ளி எண்ணத் தொடங்கியபின் அதைப் பற்றிப் பேசுவோம்.

பாரக் குழலா, மெல்லிய குழலா? மேசையில் மணல் மூட்டைமேல் வைத்துச் சுடுபவருக்குப் பாரக் குழல் நிதானம் தரும். இரவு முழுதும் வேலியோரம் நடப்பவருக்கு நான்காவது மணித்தியாலத்தில் அதே குழல் எதிரி. குழலின் நீளத்துக்காக மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம். .22இன் வெடிமருந்து 16 அங்குலத்துக்குள் எரிந்து முடிந்துவிடும். அதற்கு மேல் நீளம் கூடினால் சத்தம் கொஞ்சம் தணியும், வேகம் கூடாது.

விளம்பரங்களில் 'மச் சேம்பர்' என்று ஒரு சொல் வரும். ரவை அறை இறுக்கமாக வெட்டப்பட்டு, போல்ற்றை மூடும்போதே சன்னத்தின் முனை குழலின் புரியில் (உள்ளே வெட்டிய சுருள் வரிகளில்) பதியும். குறூப் சிறுக்கும். அதற்கு இரண்டு விலை உண்டு. சுடாத ரவையை வெளியே எடுத்தால் சில வேளை கோது மட்டும் வந்து, சன்னம் குழலில் ஒட்டிக்கொள்ளும். வெடிமருந்து பொறிக்குள் (போல்ற் ஓடும் பகுதிக்குள்) கொட்டும். முயல் வேட்டையில் ஏற்றுவதும் இறக்குவதும் ஓயாத வேலை, ஆகவே இது தொல்லை. அடுத்தது, சிசிஐ ஸ்ரிங்கர் போன்ற அதிவேக ரவைகளின் கோது வழமையை விட நீளம். அவற்றை இந்த அறைக்குள் போடவே கூடாது. இரண்டு வேலைக்கும் ஒரே துவக்கு என்றால் சாதாரண அறையே போதும்.

விசையைப் பற்றி ஒரு வரி: ஒரு கிலோவைச் சுற்றி, இழுவையில் சறுக்கல் இல்லாமல், கண்ணாடி முறிவதுபோல விடவேண்டும். அதைவிட இலேசாக்குவது குளிரில் கையுறை போட்ட விரலுக்கு ஆபத்து.

துவக்குக்குச் செலவழித்துவிட்டு ஸ்கோப்பில் மிச்சம் பிடிப்பதுதான் நாங்கள் காணும் பெரிய தவறு. மான் துவக்குக்கான ஸ்கோப்புகள் பொதுவாக 100 யார் தூரத்துக்கோ அதற்கு மேலோ பரலக்ஸ் சரிசெய்யப்பட்டவை. அதை .22இல் பூட்டி 30 மீற்றரில் பார்த்தால், கண் சிறிது விலகினாலே குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரும். துவக்கு அசையவில்லை, ஆனால் அடி தள்ளிப் போகும். பிறகு "குழல் சரியில்லை" என்று வந்து நிற்பார்கள். 50 யார் தூரத்துக்குச் சரிசெய்த றிம்ஃபயர் ஸ்கோப் எடுங்கள். முடிந்தால் 10 அல்லது 15 மீற்றர் வரை குவியம் திருப்பக்கூடியதாக எடுங்கள். 457இன் மேல் ஸ்கோப்பைப் பூட்ட 11 மில்லிமீற்றர் தண்டவாளத்துக்கான வளையம் வேண்டும். வளையத்தின் மேல்மூடித் திருகாணிகளை 2 நியூற்றன் மீற்றர் அளவில் முறுக்கினால் போதும். கூட முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசியும், உள்ளே குமிழ் திருப்பினாலும் குறி நகராது.

இப்போது ரவை. மடலில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். றிம்ஃபயர் ரவையை வீட்டில் மீளநிரப்பிச் சரிப்படுத்த முடியாது. தொழிற்சாலை தருவதில் உங்கள் குழலுக்குப் பிடித்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வழி. ஒரே மாதிரித் துவக்கு, அடுத்தடுத்த தொடர் இலக்கம், ஆனாலும் ஒன்றுக்கு ஒத்தது மற்றதுக்கு ஒத்துவராது. எஸ்கே ஸ்ராண்டர்ட் பிளஸ், சிசிஐ ஸ்ராண்டர்ட், ஈலியில் ஒரு வகை, சுடப்போகும் வேட்டைச் சப்சொனிக் ஒன்று என நாலு பெட்டி எடுங்கள். காற்று ஓய்ந்த காலையில், 50 மீற்றரில், முன்னும் பின்னும் மூட்டை வைத்துச் சுடுங்கள். ஒவ்வொரு வகை ரவையின் மெழுகும் வேறு. வகையை மாற்றும்போது முதல் 10, 15 சூட்டைக் கணக்கில் எடுக்காமல் குழலைப் பழக்குங்கள். அதன்பின் ஐந்து சூடு கொண்ட குறூப் ஐந்து. ஐந்தின் சராசரிதான் கணக்கு. மூன்று சூட்டில் ஒரே துளை விழுந்த கடதாசியைப் பணப்பையில் வைத்துத் திரிபவர்கள் மற்றக் கடதாசிகளைக் காட்டுவதில்லை.

எதை எதிர்பார்க்கலாம்? நல்ல 457 பொருந்திய ரவையோடு 50 மீற்றரில் சராசரி 12 முதல் 18 மில்லிமீற்றர் வரை பிடிக்கும். வாளிக் கணக்கில் விற்கும் மலிவான ரவையில் அதே துவக்கு 30, 40 என்று விரியும். பன்னாட்டு 50 மீற்றர் போட்டி இலக்கின் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீற்றர் விட்டம், சன்னமோ 5.6. இதிலிருந்தே போட்டிக்காரர் ஏன் ரவைக்குப் பணம் கொட்டுகிறார் என்று விளங்கும்.

குறூப் மேலும் கீழுமாக மட்டும் நீண்டால் வேகம் ஒத்துவரவில்லை என்று பொருள். ஒரே பெட்டிக்குள் வினாடிக்கு 40 அடி வித்தியாசம் இருந்தால் 100 மீற்றரில் 3, 4 சென்ரிமீற்றர் ஏறி இறங்கும். பக்கவாட்டில் விரிந்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், பிறகு விசை இழுக்கும் விரலை. இரண்டு தனித் தனிக் கூட்டமாக விழுந்தால் பிடங்கை (தோளில் அணைக்கும் கட்டையை) பொறியோடு பிடிக்கும் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது ஸ்கோப் வளையம். துவக்கைக் குறை சொல்லும் முன் இவற்றைப் பாருங்கள்.

பொருந்திய ரவை அகப்பட்டதும் பெட்டியின் ஓரத்தில் அச்சிட்ட தொகுதி இலக்கத்தைக் குறித்துவைத்து, அதே தொகுதியில் வாங்க முடிந்த அளவு வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் தொகுதி மாறினால் குறியும் மாறலாம்.

துப்புரவில் எங்கள் ஆலோசனை: குறைவாக, ஆனால் சரியான இடத்தில். ஈயச் சன்னத்தின் மெழுகு குழலுக்குள் படிவது நல்லதே. ஒவ்வொரு முறையும் துடைத்தெறிந்தால் மறுபடி 15 சூடு பழக்க வேண்டும். கெடுதல் செய்வது, ரவை அறைக்குச் சற்று முன்னே வளையமாக இறுகும் கரி. சில நூறு சூட்டுக்கு ஒருமுறை கரைப்பான் தோய்த்த நைலோன் தூரிகையால் அதை எடுங்கள். துப்புரவுத் தண்டு பின்பக்கத்தால் போகட்டும். வாய்ப்பக்கத்தால் நுழைத்தால் குழலின் விளிம்பு தேயும், குறி போகும். .17க்கு மெல்லிய தனித் தண்டு வேண்டும். வெற்று அறையில் விசையைத் தட்டிப் பழகுவதற்கு முன் கைநூலைப் பாருங்கள். சில றிம்ஃபயர்களில் ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் போடும், பிறகு கோது இழுபடாது.

களத்தில் மறக்கக்கூடாதது ஒன்று. சின்னச் சன்னம் என்றாலும் .22 ஒன்றரைக் கிலோமீற்றர் போகும். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் முயலைச் சுடாதீர்கள். பண்ணைக் குளத்து நீர்ப்பரப்பிலும் கற்பாறையிலும் சன்னம் தெறித்துத் திசை மாறும். முயலுக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். சப்சொனிக் என்றாலும் காதுக்கு மூடி போடுங்கள். வீட்டில் துவக்கு ஒரு பூட்டுக்குள், ரவை வேறு பூட்டுக்குள்.

பார்க்க வரும்போது உரிமத்தையும், வழமையாகப் போடும் தடித்த குளிர்ச்சட்டையையும் கொண்டுவாருங்கள். பிடங்கின் நீளத்தை அதைப் போட்டபடி தோளில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே துவக்கு வைத்திருந்து குறூப் பிடிபடாமல் இருப்பவர்கள், சுட்ட கடதாசிகளையும் ரவைப் பெட்டியையும் எடுத்துவாருங்கள். எறிய நினைத்த கடதாசிகளும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்