பாயும் ஒரு அறையும் போதும்: ஹட்டன் நகர சபைக்கும் அயல் பிரதேச சபைகளுக்கும் ஒரு மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். ஹட்டனில் தரம் ஒன்று எடுக்கும் ஆசிரியை நான். பாடசாலைக்கு முந்திய வயதுப் பிள்ளைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். முதல் தவணையின் முதல் நாளில், நகரத்து நர்சரியிலிருந்து வரும் பிள்ளை ஆங்கில எழுத்து இருபத்தாறையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் அழும். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்த பிள்ளை தம்பியை இடுப்பில் தூக்கிப் பழகியிருக்கும். தராசில் எத்தனை கிலோ கொழுந்து காட்டினால் அம்மா சிரிப்பாள் என்பதும் அதற்குத் தெரியும். பெயரைக் கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்ளும். இரண்டுமே கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால் பாடசாலைக் கதவு திறக்கும். அதற்கு முந்திய வருடங்களுக்கு யார் பொறுப்பு? முன்பள்ளி மாகாண சபையின் விடயம். பிள்ளைக்காம்பரா தோட்டத்தோடு சேர்ந்தது. எடையும் தடுப்பூசியும் மிட்வைஃப் அம்மாவின் வேலை. ஆளுக்கொரு கொப்பி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று கொப்பிகளும் ஒரே மேசைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை.

"தோட்டம் எங்கள் எல்லையில் இல்லை" என்று சபைகள் சொல்லும் பதிலும் இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலைக்குத் தனித்தனிச் சபைகள் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

நான் கட்டடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றியுள்ள தோட்டங்களெல்லாம் ஹட்டன் டவுனுக்குத்தான் இறங்கி வருகின்றன. அம்மா அரிசி மாவு வாங்கும் நேரத்தில், அவள் சேலையைப் பிடித்து நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கதை சொல்ல, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையும் நாலைந்து பாயும் தாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நாங்கள் கூட்டி வருகிறோம். தாலாட்டும் கும்மியும் தெரிந்த பாட்டிமார் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள், அவர்களும் வரட்டும். சிங்களப் பிள்ளைகளும் அதே பாயில் உட்காரட்டும்.

அப்புறம், பிள்ளைக்காம்பரா ஆயாக்களையும் நர்சரி ஆசிரியைகளையும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார வையுங்கள். ஆயாதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது பிள்ளைகளைச் சாப்பிடவைத்துத் தூங்கவைக்கும் வித்தை எனக்கே வராது.

இந்த முயற்சியை எழுத்துப் போட்டியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. எழுத்தை என்னிடம் விடுங்கள். பிள்ளை தன் பெயரைச் சொல்லட்டும், கழிவறைக்குத் தானே போய் வரட்டும், ஒரு கதையை முடியும்வரை கேட்கட்டும், எனக்கு அது போதும். போன வருடம் ஒரு நர்சரியில் ஐந்து வயதுகூட நிறையாத பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு அங்கி, தொப்பி எல்லாம் போட்டு விழா எடுத்தார்கள். அங்கி வாடகைக்கு என் பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கினார். அந்தக் காசுக்குப் பத்துக் கதைப் புத்தகமாவது வாங்கியிருக்கலாம்.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு மிட்வைஃப் அம்மாமாரையும் தோட்ட நிர்வாகத்தினரையும் முன்பள்ளி ஆசிரியைகளையும் கூப்பிடுங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடும். இரண்டு மணிக்கு வைத்தால் நானும் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தரம் ஒன்று ஆசிரியை, ஹட்டன்