எரிமலைக் காணொளி போடும் தமிழ் சேனல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லா பால்மா என்ற பெயரை உங்களில் பலர் ஒரு தடவையாவது தலைப்பில் போட்டிருப்பீர்கள். அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே உள்ள கனரித் தீவுகளில் ஒன்று அது. ஸ்பெயினுக்குச் சொந்தம். சுமார் 700 சதுர கிலோமீட்டர், எண்பதாயிரத்துச் சொச்சம் மக்கள். உங்கள் முகப்புப் படத்தில் மட்டும் அது எப்போதும் பாதியாகப் பிளந்து கடலில் சரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் வானுயர ஒரு அலை, சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த ஒரு முகம்.

அப்படி ஒரு காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் கடலோரம் குடியிருக்கும் என் அத்தை உடனே போன் போட்டார். "ஏம்ப்பா, அந்த மலை விழுந்தா நம்ம பக்கம் தண்ணி வருமா?" 2004 டிசம்பர் 26 காலையை நேரில் பார்த்தவர் கேட்கிற கேள்வி, சிரித்துத் தள்ள முடியாது. சுமத்ரா பக்கம் கடற்படுகையே பூகம்பத்தில் தூக்கிப்போட்டதால் வந்த அலை அது. அங்கிருந்து நமக்கு இடையே திறந்த கடல்தான். லா பால்மா இருப்பது வேறு சமுத்திரத்தில். நடுவே ஆப்பிரிக்கா என்ற முழுக் கண்டம் நிற்கிறது. இதை ஒரே வரியில் நீங்களே சொல்லியிருக்கலாம். சொன்னால் பார்வை எண்ணிக்கை குறையும் என்பது புரிகிறது.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் சொல்வதில்லை. 2001இல் வார்ட், டே என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தீவின் தெற்குப் பாதியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் கும்ப்ரே வியெஹா மலைத்தொடரின் மேற்குச் சரிவு, 500 கன கிலோமீட்டர் வரை, ஒரே துண்டாக, அதிவேகமாகக் கடலில் இறங்கினால் அமெரிக்கக் கரையில் 10 முதல் 25 மீட்டர் வரை அலை எழலாம் என்றது அது. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை 'ஆல்' வேண்டியிருக்கிறது பாருங்கள். கனரித் தீவுகளைச் சுற்றிக் கடலடியில் படிந்திருக்கும் பழைய சரிவுகளின் மண்ணை ஆராய்ந்தவர்கள், அவை ஒரே மூச்சில் விழாமல் கட்டம் கட்டமாக விழுந்தவை என்று பிறகு காட்டினார்கள். அலையின் உயரம் குறைவதற்கு அதுவே போதும். அந்த ஆய்வுகளுக்கு முகப்புப் படம் கிடைக்கவில்லை.

பிறகு 2021 செப்டம்பர் 19 பிற்பகலில் மலை நிஜமாகவே வெடித்தது. எட்டு நாளாக நிலம் அதிர்ந்துகொண்டிருந்ததால், நடக்க முடியாதவர்களை அன்று காலையிலேயே வெளியேற்றத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பர் 13 வரை, 85 நாள் எரிமலைக் குழம்பு ஓடியது. மேற்குச் சரிவு சரியவில்லை. அலையும் எழவில்லை. உங்களில் பலர் நேரலை போட்ட நாட்கள் அவை. சிவப்பு ஆறு, இருட்டில் நீரூற்று மாதிரி பீச்சும் நெருப்பு, தண்ணீர்த் தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட நாய்களுக்கு டிரோனில் சோறு போட்டது, எல்லாம் காட்டினீர்கள். அந்த நாய்களை முகம் காட்டாத சிலர் ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப்போய், 'நாய்கள் நலம்' என்று துணியில் எழுதி வைத்துவிட்டுப் போனதையும் காட்டினீர்கள். நானும்தான் கண்கொட்டாமல் பார்த்தேன்.

அப்புறம் புகை நின்றது. நீங்களும் நின்றுவிட்டீர்கள்.

என் குறை அங்கேதான். 1,200 ஹெக்டேருக்கு மேல் கல்லாகிப் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்னிகஸ் செயற்கைக்கோள் கணக்கில் ஏறக்குறைய 3,000 கட்டடங்கள் போயின. தொதோகே என்ற ஊரே இல்லை. அதன் தேவாலய மணிக்கூண்டு சாய்ந்ததை உலகமே பார்த்தது. லாஸ் மாஞ்சாஸ் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பகுதி குழம்புக்கு அடியில் போனது. வீடு போனால் வேறு வீடு கட்டலாம், பெற்றோரின் கல்லறை போனவர் எங்கே போய் மெழுகுவத்தி ஏற்றுவார்?

வாழை பற்றிச் சொல்லியிருந்தால் நம் ஆட்கள் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். தீவின் மேற்குப் பக்கத்துக்கு வாழைதான் சோறு. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மென்மையானது இல்லை, பொடித்த கண்ணாடிக்குச் சமம். காற்றில் சீப்போடு சீப்பு உரசும்போது காய்த்தோலைக் கீறிவிடும். பழுத்தால் கறுப்புக் கோடு. தின்ன ஒரு பாதகமும் இல்லை, ஆனால் சந்தையில் ஏற்க மாட்டார்கள். பாசனக் குழாயைக் குழம்பு அறுத்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அனுமதி வாங்கி, முறை வைத்து, தடைப்பகுதிக்குள் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பினார்கள் விவசாயிகள். இதில் ஒரு பத்து நிமிடக் காணொளிக்கு விஷயம் இல்லையா?

புவெர்த்தோ நாவோஸ் கதை இன்னும் விசித்திரம். கடற்கரை ஊர். குழம்பு அதைத் தொடவே இல்லை. வீடு, ஓட்டல், கடை எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆனால் வெடிப்பு முடிந்த பிறகும் நிலத்தடியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கசிந்துகொண்டே இருந்தது. நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் கார் நிறுத்தும் நிலவறைகளிலும் தரைத்தளங்களிலும் தேங்கிக்கொள்ளும். சாவி கையில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் போக முடியாத ஊராகிவிட்டது. பக்கத்து லா பொம்பிய்யாவுக்கும் அதே கதி. வாயுவை அளக்கும் கருவிகளை வீடு வீடாகப் பொருத்தி, தெருத் தெருவாகத்தான் ஆட்களைத் திரும்ப விட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத வாயுவை எப்படிப் படம் பிடிப்பது என்று கேட்பீர்கள். பூட்டின கதவுகளைக் காட்டுங்களேன்.

இந்த மக்கள் மலைக்குப் பயந்து ஓடுகிறவர்களும் இல்லை. 1949, 1971, 2021 என்று மூன்று வெடிப்புகளைப் பார்த்த கிழவர்கள் அங்கே உண்டு. 1646 வெடிப்பின்போது பனிமாதாவின் திருவுருவத்தை ஊர்வலமாக எடுத்ததும் எரிமலை வாயில் பனி விழுந்து நெருப்பு அடங்கியதாகச் சொல்வார்கள். அந்தச் சிறிய சுடுமண் மாதாவைத்தான் 1680இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மலைக்கோயிலிலிருந்து தலைநகர் சாந்தா குரூசுக்கு இறக்குகிறார்கள். பஞ்சத்தில் மழை கேட்டு ஆரம்பித்தது. இந்தத் திருவிழாவுக்கு பஹாதா என்று பெயர். மாதாவின் வெள்ளி அரியணையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊர்க்காரர்கள் முன்னதாகவே சுமந்து வருவார்கள். மாதா ஊருக்குள் நுழையும்போது கோட்டையும் கப்பலும் ஒன்றோடொன்று பேசுவது மாதிரி ஒரு நாடகம் நடக்கும், 'யார் வருவது?' என்று கோட்டை கேட்க, கப்பல் பதில் சொல்லும், பீரங்கி முழங்கும்.

கூட்டம் அலைமோதுவது குள்ளர் நடனத்துக்கு. நீண்ட அங்கி போட்ட ஆண்கள் முதலில் மெதுவாகப் பாடி ஆடுவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு சின்னக் குடிலுக்குள் நுழைவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் மறுபக்கம் வெளியே வருவது நெப்போலியன் தொப்பி வைத்த ஒரு குள்ளன், போல்கா இசைக்குத் துள்ளியபடி! விடிய விடியத் தெருத் தெருவாக ஆட்டம் நடக்கும். உள்ளே எப்படி மாறுகிறார்கள் என்பது ஊரே கட்டிக்காக்கும் ரகசியம். 2020 பஹாதாவைக் கொரோனா தடுத்தது, அடுத்த ஆண்டே மலை வெடித்தது. ஆகவே 2015க்குப் பிறகு மாதா இறங்கியது 2025 கோடையில்தான். பத்து வருடம் காத்திருந்த திருவிழா. தமிழில் அதைப் பற்றி ஒரு காணொளிகூட என் கண்ணில் படவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2021 காட்சிகளைப் போட்டால் திரையில் 2021 என்று போடுங்கள். 'இப்போது' என்று எழுதாதீர்கள். பேரலைக் கதை சொன்னால், 2001 கணக்கோடு அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் சொல்லுங்கள். பழைய காணொளிகளை நீக்க மனம் வராவிட்டால், கருத்துப் பகுதியின் உச்சியில் 'இந்தத் தீவினால் தமிழகக் கரைக்கு அபாயமில்லை' என்று ஒரு வரியைக் குத்தி வையுங்கள். அடுத்த பஹாதா 2030இல். கேமராவோடு போக நினைப்பவர் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் தீவுக்காரர்களெல்லாம் அந்த வாரம் ஊர் திரும்பிவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் சேனல்களிலிருந்து இன்னும் விலகாத ஒரு சந்தாதாரர்